மாடி வீட்டு அண்ணன்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க, வீடு பூராக் குப்பை, மூட்டை கட்டிட்டு இருக்கறோம். வீடு பாக்கத்தானுங்களே வந்தீங்க? புரோக்கர் நேத்தே போன் பண்ணிச் சொன்னாப்ல. புருசனும் பொஞ்சாதியுமா வருவாங்க, கொஞ்சம் காட்டி விடுங்கன்னு. அம்மிணி எங்கீங்க? கேட் கிட்ட நின்னு போன் பேசுதா? பேசட்டும், பேசட்டும். நீங்க இந்த அட்டைப்பெட்டி மேலயே உக்காருங்க, உள்ள துணிதான், ஒண்ணும் ஆகாது. நாற்காலியெல்லாம் கயிறு போட்டுக் கட்டியாச்சு.

வீட்டுக்காரர் மாடில இல்லீங்க. வெளிய போயிருக்கறார், வந்துருவார். அவிநாசியப்பன்னு பேரு. நான் அண்ணன்னுதான் கூப்புடுவேன். மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவருங்க. நல்ல மனுசன். கொஞ்சம் சத்தமாப் பேசுவார், அவ்வளவுதான்.

எம்பேரு திருமூர்த்திங்க. கணபதில ஒரு கிரைண்டர் கம்பெனில ஸ்டோர்ஸ் பாத்துக்கறேன். சம்சாரம் சுகந்தி, ஜவுளிக்கடைல சேலை செக்சன்ல நிக்கறா. வண்டி பிடிக்கப் போயிருக்கறா இப்ப, ஒரு குட்டியானை சொல்லி வச்சிருக்கறோம். ஒரே மக, இலக்கியா. பிளஸ் டூ.

இதுதானுங்க முன் ரூம். அது சமையக்கட்டு. பின்னால ஒரு ரூம், பாத்ரூம். சுவத்துல அங்கங்க தெரியற ஆணி ஓட்டையெல்லாம் நாங்க அடிச்சதில்லீங்க, எங்களுக்கு முன்னால இருந்தவங்க. நாங்க ஒரு காலண்டர் கூட மாட்டல. ஆணி அடிச்சா அண்ணனுக்குப் பிடிக்காது.

எதுக்குக் காலி பண்றீங்கன்னா கேட்டீங்க?

அது பெரிய கதைங்க. பெரிய கதைன்னா, பெருசா ஒண்ணுமில்லீங்க.

நாங்க வந்து ஏழெட்டு வருசம் ஆச்சு. அண்ணன் என்னைக் கூடப்பொறந்தவனாட்டத்தான் வச்சிருந்தார். "ஏப்பா திருமூர்த்தி"ன்னு மேல இருந்து ஒரு குரல் குடுப்பார். ரேசன் கடைக்குப் போகணுமா, கேஸ் சிலிண்டர் மாடிக்கு ஏத்தணுமா, அவங்க ஸ்கூட்டர சர்வீசுக்கு விடணுமா, எல்லாத்துக்கும் நாந்தான். ஞாயித்துக்கெழமை ஆனா எனக்கு லீவே கெடையாது போங்க. சுகந்தி சொல்லுவா, வாடகையுங் குடுத்து வேலையுஞ் செய்யற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்னு. அவளுக்கு அது புரியாது. நம்புனாத்தான தம்பி வேலை சொல்லுவாங்க?

முந்துன வருசம் சித்திரைலதான் ஒப்பந்தம் புதுசாப் போட்டோம். மூணு வருசத்துக்கு இந்த வாடகைதான்னு எழுதி, பதிவெல்லாம் பண்ணி, முறையா. பதிவு பண்ணியே ஆகணும்னு சுகந்தி ஒத்தக் கால்ல நின்னா. அண்ணனுக்கு அப்பவே மூஞ்சி ஒரு மாதிரிதான் ஆச்சு. என்னம்மா எம்மேல நம்பிக்கையில்லயான்னு கேட்டார். நாந்தான் சமாதானம் பண்ணி வச்சேன்.

போன ஆவணில ஒரு ஞாயித்துக்கெழமை மேல கூப்புட்டார். ருக்குமணியக்கா, அண்ணன் சம்சாரம், காப்பி குடுத்தாங்க. முறுக்குக் குடுத்தாங்க. எல்லாம் பேசி முடிச்சு நான் எந்திரிக்கறப்ப, "அப்பறம் திருமூர்த்தி, அடுத்த மாசத்துல இருந்து வாடகைய ஏத்திக் குடுத்துரு. இப்பக் குடுக்கறதுல பாதிய இன்னுஞ் சேத்திக்க"ன்னார். சாதாரணமா, ரெண்டு தேங்கா வாங்கிட்டு வான்னு சொல்றாப்ல.

நான் என்னங்க சொல்றது? காப்பி டம்ளர் கைல இருக்குது. சரிங்ணான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கீழ வந்து சொன்னதும் சுகந்தி அரிவாள்மணைல இருந்து எந்திரிச்சா. "சரின்னா சொன்னீங்க?"

"கேட்டாரு, சொன்னேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க? இன்னும் ஒண்ணரை வருசத்துக்கு மேல ஒப்பந்தம் இருக்குது. நடுவுல ஏத்த முடியாதுன்னு அதுலயே எழுதியிருக்குது. ஏத்தணும்னாலும் முன்கூட்டி எழுத்துல குடுக்கோணும். முறுக்குக் குடுத்தா ஆச்சா?"

அவளே மேல போனா. போன வேகத்துல வந்துட்டா. பொம்பளைங்ககிட்ட நான் வரவு செலவு பேசறதில்ல, திருமூர்த்திய அனுப்புன்னு சொல்லியிருக்கறார். அது அவர் பழைய காலத்து மனுசனுங்க, பொம்பளைகளுக்கு மரியாதை குடுக்கறதுல அது ஒரு வகை. சுகந்தி வேற மாதிரி எடுத்துக்கிட்டா.

பின்னால போர்சன்ல ஜெபராஜ்னு ஒருத்தர் குடியிருந்தார். அவருக்கும் இதே பேச்சுத்தான். அவர் ஒரே வாரத்துல பெட்டியக் கட்டிட்டுப் போயிட்டார். அந்தப் போர்சனுக்குப் புது ஆளு புது வாடகைக்கு வந்தாச்சு. அதப் பாத்ததும் அண்ணனுக்கு எங்க மேல வருத்தம். வருத்தம் வராதுங்களா? அவங்க குடுக்கறாங்க, இவன் குடுக்கலயேன்னு இருக்குமில்லீங்க.

சுகந்தி பழைய வாடகைய அண்ணன் பேங்க் கணக்குல போட்டு விட்டா. ஒண்ணாந்தேதி போட்டா ரெண்டாந்தேதி திரும்பி வந்துரும். மறுபடியும் போடுவா. மறுபடியும் வரும். ரெண்டு பேருக்கு நடுவுல அந்தப் பணம் போயிட்டும் வந்துட்டும் இருந்துச்சு. நான் அந்தப் பக்கமே போகல. மாடிப்படில அண்ணன் செருப்புச் சத்தம் கேட்டா நான் பாத்ரூமுக்குள்ள போயிருவேன்.

அப்பறந்தான் தண்ணி நின்னது.

இங்க எல்லாமே மேல டேங்க்ல இருந்துதான் வரணும். வால்வு மொட்டை மாடில இருக்குது, அந்தக் கதவுக்குப் பூட்டு உண்டு. ஒருநாள் காலைல குழாயத் திருகுனா காத்துதான் வருது. மேல மட்டும் துணி தொவைக்கற சத்தம் கேக்குது. சுகந்தி போய்க் கேட்டதுக்கு, வால்வு ரிப்பேரு, ஆளு வரணும்னாங்களாம் அக்கா. அது பழைய வால்வு தம்பி, இருக்கும். ஆளு கிடைக்கறது இப்பெல்லாம் எவ்வளவு கஷ்டம், உங்களுக்குத் தெரியாததா?

தெருமுனைல ஒரு பொதுக்குழாய் இருக்குது. அங்கிருந்துதான் கொடத்துல எடுத்துட்டு வரணும். காலைல கடைக்குப் போறதுக்கு முன்னால சுகந்தி, பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால இலக்கியா. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி. எனக்குப் பெருசாக் கஷ்டமில்லீங்க. கம்பெனில பாத்ரூம் இருக்குது, வெந்நியே வரும். நான் அங்கயே குளிச்சுக்குவேன். எதையும் கொஞ்சம் அனுசரிச்சுப் போனா ஓடிரும் தம்பி.

இலக்கியாதான் ஒருநாள் கேட் படில வழுக்கி விழுந்துட்டா. கொடத்தோட. வலது கை மணிக்கட்டுல எலும்பு விரிசல் விட்டுப்போச்சு. மாவுக்கட்டு போட்டாங்க. அரைப்பரிச்சை சமயம். எழுத முடியல. கவனமா எறங்கியிருக்கலாம், அவ எப்பவுமே ஒரு அவசரம். ருக்குமணியக்கா சாத்துக்குடி வாங்கிட்டு வந்து பாத்தாங்க. கண்ணு, வலிக்குதான்னு தலையத் தடவிக் குடுத்தாங்க. பாசமான ஜனங்கதான் அவங்க. பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. அந்தச் சாத்துக்குடிய அவளுந் தொடல, சுகந்தியுந் தொடல. நாந்தான் உரிச்சுத் தின்னேன். வீணாகக் கூடாதில்லீங்க.

அடுத்த நாள் சுகந்தி கடைக்கு லீவு சொன்னா. கோர்ட்டுக்கிட்ட இலவச சட்ட உதவின்னு ஒரு இடம் இருக்குதாம், நேரா அங்க போயிட்டா. அங்க ஒரு சின்ன வயசு வக்கீலம்மா. வாடகைத் தகராறுக்குன்னே தனியா ஒரு அதிகாரி இருக்கறாங்க, அவங்ககிட்ட மனு குடுங்கன்னு எழுதிக் குடுத்திருக்குது. ஒப்பந்தம் எம்பேர்ல இருக்கறதால கையெழுத்து நாந்தான் போடணும்.

பேனாவ வாங்குனேன். "அண்ணனை எதுத்தா?"ன்னு கேட்டேன்.

அவ உள்ள போனா. இலக்கியாவக் கூட்டிட்டு வந்து என் முன்னால உக்கார வச்சா. அந்தக் கட்டுப் போட்ட கைய மேசை மேல எடுத்து வச்சா. அவ்வளவுதான். நான் போட்டுட்டேன்.

எங்களையும் கூப்புட்டாங்க, அண்ணனையும் கூப்புட்டாங்க. அதிகாரியம்மா ஒப்பந்தத்தப் படிச்சுப் பாத்துட்டு, "காலம் முடியறதுக்குள்ள உங்க இஷ்டத்துக்கு வாடகைய ஏத்த முடியாதுங்க ஐயா. தண்ணிய நிறுத்தறது அதை விடத் தப்பு. இன்னிக்கே திறந்து விடுங்க, மத்ததை அடுத்த விசாரணைல பாத்துக்கலாம்"னு சொன்னாங்க. அதட்டலெல்லாம் இல்லீங்க, தன்மையாத்தான் சொன்னாங்க. அண்ணன் அங்க கைகட்டி நின்னார் பாருங்க. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடிச்சு விட்ட கை. எனக்குத் தாங்கல. நான் எந்திரிச்சு என் சேரை அவருக்கு நகத்திப் போட்டேன். உக்காருங்ணான்னேன். அதிகாரியம்மா என்னையும் பாத்தாங்க, அவரையும் பாத்தாங்க. சுகந்தி மட்டும் என்னப் பாக்கவேயில்ல.

அன்னிக்கு மத்தியானமே தண்ணி வந்துருச்சு. வால்வு ரிப்பேருக்கு ஆளு கிடைச்சுட்டாப்ல.

சுகந்தி போர்வை, திரை, மிதியடி எல்லாத்தையும் எடுத்துப் போட்டுத் தொவைச்சா. பாட்டு வேற. அவ பாடி நான் கேட்டு எத்தனை நாளாச்சு! இலக்கியா கட்டுக் கைல பாலிதீன் கவரைச் சுத்திக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போனவ, வெளிய வரவேயில்ல. தண்ணி ஊத்தற சத்தமும் சிரிப்புமாக் கேட்டுட்டே இருந்துச்சு. வீடே ஈரமா, சோப்பு வாசமா. நான் மட்டும் முன்னால உக்காந்து மேல காது குடுத்துட்டு இருந்தேன். ஒரு சத்தமில்லீங்க மேல. டிவி கூடப் போடல. ஐயோ அவங்க மனசு என்ன பாடு படுதோன்னுதான் எனக்கு நெனப்பு.

அப்பறம் அண்ணன் எங்கூடப் பேசறதில்ல. கேட்ல எதுக்க எதுக்க வந்தாலும் பாக்கறதில்ல. ரேசனுக்கு அவரே போனார். சிலிண்டரை வேற ஒரு ஆள வச்சுத் தூக்குனார். தம்பி, தண்ணி இல்லாதப்பக் கூட நான் அவ்வளவு கஷ்டப்படலீங்க. சத்தியமாச் சொல்றேன். ஏப்பா திருமூர்த்தின்னு ஒரு வார்த்தை வராதான்னு இருந்துச்சு.

அடுத்த விசாரணைக்கு முன்னால வந்துச்சு. "ஏப்பா திருமூர்த்தி, சித்தெ மேல வா"ன்னு. நான் சாப்பிட்ட கையக் கழுவாம ஓடுனேன்.

அண்ணன் ஈசிசேர்ல படுத்திருந்தார். பக்கத்துல மாத்திரைப் பட்டை. "என்னை ஒரு ஆபீசுல கொண்டு போய் நிக்க வச்சுட்டயேடா. என் வயசுக்கு நான் ஒரு பொம்பளை முன்னால கைகட்டி நின்னேன்"னு சொல்லிட்டு அழுதார். தம்பி, அவ்வளவு பெரிய மனுசன் அழறதப் பாத்திருக்கீங்களா? நானும் அழுதேன். அக்காவும் அழுதாங்க. "வாடகை பழைய வாடகையே இருக்கட்டும். எனக்குப் பணமா பெருசு? அந்த மனுவ மட்டும் திரும்ப வாங்கிக்க. நாம எப்பவும் போல அண்ணன் தம்பியா இருந்துக்கலாம்"னார்.

இதுக்கு மேல ஒரு மனுசன் எறங்கி வர முடியுங்களா?

நான் சுகந்திகிட்டச் சொல்லல. சொன்னா அவ எழுதிக் குடுக்கச் சொல்லுங்கம்பா. அழுதுட்டு இருக்கற மனுசன்கிட்ட எப்படிங்க எழுதிக் கேக்கறது? கம்பெனில பர்மிசன் போட்டுட்டு நான் மட்டும் போய் மனுவத் திரும்ப வாங்கிட்டேன். அதிகாரியம்மா கேட்டாங்க, "யோசிச்சுத்தான் பண்றீங்களா? யாராச்சும் வற்புறுத்துனாங்களா?"ன்னு. இல்லீங்கம்மா, நாங்க ஒரே குடும்பமாட்டம்னு சொன்னேன். அவங்க மனுவ இன்னொருக்கா முழுசாப் படிச்சாங்க. அப்பறம் கையெழுத்துப் போட்டாங்க.

வர்ற வழில அண்ணனுக்கு மைசூர்பாகு வாங்கிட்டு வந்தேன்.

சுகந்திக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. வக்கீலம்மா போன் பண்ணியிருக்கும். சண்டை போடுவான்னு பாத்தேன், போடல. "இலக்கியாகிட்ட நீங்களே சொல்லிருங்க"ன்னு மட்டும் சொன்னா. நான் சொல்லல. அவளுக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு.

ஒரு மாசம் நல்லாப் போச்சுங்க. அண்ணன் பேசுனார். வாடகைய வாங்கிக்கிட்டார். ரேசனுக்கு நாந்தான் போனேன். பொங்கல் முடிஞ்சு ஒருநாள் மறுபடியும் மேல கூப்புட்டார். "நம்ம ஹரிணி மாப்பிள்ளைக்கு இங்கயே மாத்தலாகுதுப்பா. ஓசூர்ல இருந்து வர்றாங்க. பெத்த மகளை வேற பக்கம் வாடகைக்கு வைக்க முடியுமா, நீயே சொல்லு. மாசி முடியறதுக்குள்ள வீட்டைக் குடுத்துரு"ன்னார்.

பெத்த மகள்னு சொன்னதுக்கப்பறம் நாம என்னங்க சொல்றது? சரிங்ணான்னேன்.

சுகந்தி அப்படியே தரைல உக்காந்துட்டா. பிள்ளைக்குப் பரிச்சை பங்குனில. அவ அழவுமில்ல, கத்தவுமில்ல. அந்த வக்கீலம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டா. இன்னும் வழி இருக்குதக்கா, ஒப்பந்தம் உசுரோடதான இருக்குது, ஆனா அவர் வந்து கையெழுத்துப் போடணும், மறுபடி போய் வாபஸ் வாங்க மாட்டேன்னு இருக்கணும்னு சொல்லியிருக்குது. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா, எனக்கும் கேட்டுச்சு. போனை வச்சுட்டு என்னப் பாத்தா.

"வருவீங்களா?"

நான், அண்ணன் மக வர்றாளேன்னு ஆரம்பிச்சேன். அவ எந்திரிச்சுப் போய்ப் பரண்ல இருந்து அட்டைப்பெட்டிய எறக்க ஆரம்பிச்சுட்டா. இந்தா, நீங்க உக்காந்திருக்கறது கூட அதுல ஒண்ணுதான்.

இப்ப அன்னூர் ரோட்ல, உள்ள தள்ளி ஒரு வீடு. ஒரே ரூம். இலக்கியாவ சுகந்தி தங்கச்சி வீட்டுல விட்டிருக்கறோம், பரிச்சை முடியட்டும்னு. கை கட்டு அவுத்தாச்சு. எழுதுனா வலிக்குதுன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லுது. எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்றதில்ல. போன்ல நான் பேசுனா, ம்ங்குது. படிக்கற பிள்ளை, யோசனைல இருக்கும்.

நீங்க கேக்க வர்றது புரியுதுங்க. மகளுக்குன்னு சொன்ன வீட்டை வாடகைக்கு எதுக்குக் காட்டறாங்கன்னுதான கேக்கறீங்க? நேத்துப் புரோக்கர் போன் பண்ணுனப்ப எனக்கும் ஒரு நிமிசம் அதேதான் தோணுச்சு. சுகந்திகிட்ட இன்னுஞ் சொல்லல. மாத்தல் தள்ளிப் போயிருக்குங்க. ஆபீசுன்னா அப்படித்தான, இன்னிக்கு ஒண்ணு சொல்லுவாங்க நாளைக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அதுக்காக வீட்டைச் சும்மா பூட்டி வைக்க முடியுங்களா? எங்கிட்டச் சொல்ல மறந்திருப்பார்.

ஆமா, உங்களுக்கு வாடகை எவ்வளவுன்னு சொன்னாங்க?

...அவ்வளவுங்களா?

இல்லீங்க, ஒண்ணுமில்ல. எங்கிட்ட அவ்வளவு கேக்கலீங்க அண்ணன். இதவிடக் கம்மியாத்தான் கேட்டார். பாத்தீங்களா? எம்மேல ஒரு இது இருந்துச்சுங்க அவருக்கு. வெளி ஆளுன்னா ஒரு கணக்கு, திருமூர்த்தின்னா ஒரு கணக்கு.

சித்தெ இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

கேட்ல வண்டிச் சத்தம் கேக்குதுங்களா? அண்ணந்தான். தம்பி, நான் பேசுனதெல்லாம் உங்க மனசோட வச்சுக்கோங்க. ஏதோ பேச்சு வந்துச்சு, பேசிட்டேன். அவர்கிட்ட இவன் இப்படிச் சொன்னான்னு சொல்லிராதீங்க. வாடகை ஜாஸ்திதானுங்க, கொஞ்சம் கொறைச்சுக் கேட்டுப் பாருங்க. ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணி... வேண்டாம், வேண்டாம். எதுவும் கேக்காதீங்க. வந்த உடனே கேட்டா அவருக்குப் பிடிக்காது.

வாங்ணா! வீடு பாக்க வந்திருக்காங்கண்ணா. நல்ல குடும்பமாத் தெரியறாங்க. எல்லாஞ் சுத்திக் காட்டிட்டனுங்ணா. நாங்க பொழுதெறங்கறதுக்குள்ள காலி பண்ணி, சாவிய மேல கொண்டு வந்து...

அண்ணா?

உங்களைத்தானுங்க கையக் காட்டறார், மேல வரச் சொல்றார். போங்க, போங்க. அம்மிணியையும் கூட்டிட்டுப் போங்க.

நான் கூப்பிட்டது கேக்கலையாட்ட இருக்குது. ஹெல்மெட் போட்டிருந்தாரில்லீங்க.